பழைய லீட் ஸ்க்ரூவோடு மில்லிங் மெஷினை சிஎன்சி ஆக்குதல்: ஆட்டம் எங்கே ஒளிந்திருக்கிறது?

பெங்களூரில் பீன்யா, காமாட்சிபாளையா பக்கத்து ஷெட்களில் கையால் ஓட்டும் மில்லிங் மெஷினை சிஎன்சி ஆக்குவதை, அதாவது கம்ப்யூட்டர் சொல்ல மோட்டார் ஓட்டும்படி மாற்றுவதைப் பற்றிப் பேச்செடுத்தால், "முதல்ல பால் ஸ்க்ரூ போடுங்க, அப்புறம் மத்ததைப் பேசலாம்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். நட்டுக்குள் குண்டுகள் உருண்டு ஓடும், ஆட்டம் ஏறக்குறைய இல்லாத ஸ்க்ரூ அது. பேரிங் உட்காரும் குழியை 0.02 மி.மீ.க்குள் வெட்ட வேண்டும் என்றால் அவர் சொல்வதுதான் சரி. ஆனால் சின்ன ஷெட்டுக்கு வரும் வேலையில் பெரும்பங்கு வேறு மாதிரி. ஃபிக்ஸ்ச்சர் பிளேட்டில் துளை வரிசை, பிராக்கெட்டில் ஸ்லாட், அலுமினிய பேனலில் சன்னல் என்று 0.1 மி.மீ. டாலரன்ஸே தாராளமான வேலைகள். அவற்றுக்குப் பழைய ட்ரெப்பசாய்டல் ஸ்க்ரூ (சரிவக வடிவப் பல் கொண்ட லீட் ஸ்க்ரூ, டேபிளை நகர்த்துவது இதுதான்) போதும். ஆனால் அதன் ஆட்டத்தை (பேக்லாஷ், அதாவது திசை மாறும்போது டேபிள் அசையாமல் ஸ்க்ரூ மட்டும் சுழலும் அளவு) அளந்து தெரிந்துகொள்ள வேண்டும், அதற்கேற்ப புரோகிராம் எழுத வேண்டும்.

இங்கே சொல்வதெல்லாம் எம்1டிஆர் வகை டரெட் மில்லை (தலைப்பகுதியைத் திருப்பி வைக்கக்கூடிய மில்லிங் மெஷின்) மனதில் வைத்து. எச்எம்டி எஃப்என்2 போன்ற கனத்த மெஷினில் ஃபீட் கியர்பாக்ஸின் பல் ஆட்டமும் கூடவே வரும். கியர்பாக்ஸைக் கழற்றிவிட்டு ஸ்க்ரூவை நேராக ஓட்ட வழிசெய்த பிறகு, மற்றதெல்லாம் அதற்கும் பொருந்தும்.

ஹேண்டில் காட்டும் ஆட்டம் முழுவதும் மரையில் இல்லை

ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்து "அரை மில்லி ஆட்டம் இருக்கு, ஸ்க்ரூ போச்சு" என்று முடிவு கட்டுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. அந்த அரை மில்லியில் நான்கு பேருக்குப் பங்கு உண்டு: ஸ்க்ரூவைப் பிடித்திருக்கும் பேரிங், நட்டைப் பிடித்திருக்கும் பிராக்கெட், தளர்ந்த ஜிப் (சறுக்குப் பாதையின் இடைவெளியை இறுக்கும் பட்டை), கடைசியில் மரை. முதல் மூன்றையும் சரிசெய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். நான்காவதுதான் காசு கேட்கும்.

பிரித்து அளக்க 0.01 மி.மீ. டயல் இரண்டு, மேக்னட் பேஸ் இரண்டு, 6 மி.மீ. ஸ்டீல் பால் ஒன்று, கொஞ்சம் கிரீஸ் வேண்டும். எக்ஸ் அச்சில் (இடம்-வலம்) ஸ்க்ரூ டேபிளோடு சேர்ந்து நகர்கிறது, நட் டேபிளுக்குக் கீழே அதைத் தாங்கும் சாடிலில் நிற்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் டயலை வைக்க வேண்டும்.

முதல் டயலின் பேஸ் சாடிலில், முனை டேபிளில். இரண்டாவது டயலின் பேஸ் டேபிளில், முனை ஸ்க்ரூவின் கடைக்கோடியில். ஸ்க்ரூ முனையில் இருக்கும் சென்டர் குழியில் கிரீஸ் தடவி ஸ்டீல் பாலை ஒட்டவையுங்கள். டயலுக்குத் தட்டை முனை போட்டு அந்தப் பால்மேல் உட்கார வையுங்கள். நேராக ஸ்க்ரூ முகத்தில் முள்ளை வைத்தால், முகம் கோணலாக இருக்கும் அளவும் சேர்ந்து காட்டும், கணக்கு குழம்பும். இனி ஸ்க்ரூவைத் திருப்பாமல், டேபிளை இரண்டு கையாலும் பிடித்து 20 கிலோ அளவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளுங்கள்.

டேபிள் 0.30 நகர்ந்து, ஸ்க்ரூ முனை டேபிளை விட்டு 0.12 நகர்ந்தால், அந்த 0.12 பேரிங்கின் கணக்கு. மிச்சம் 0.18. இப்போது இரண்டாவது டயலை நட் பிராக்கெட்டுக்கு மாற்றி, பேஸைச் சாடிலில் வைத்து மறுபடி தள்ளுங்கள். அங்கே 0.04 ஆடினால் பிராக்கெட் போல்ட்டோ டோவல் பின்னோ தளர்ந்திருக்கிறது. ஆக மரையின் உண்மையான ஆட்டம் 0.14. அரை மில்லி என்று பயந்த மெஷினில் பலசமயம் மரை வைத்திருப்பது இந்த அளவுதான்.

ஒய் அச்சில் (முன்-பின்) இடம் மாறும். ஸ்க்ரூ 'நீ' என்று சொல்லும் மேலே கீழே போகும் பகுதியில் நிலையாக இருக்கும், நட் சாடிலோடு நகரும். அதனால் ஸ்க்ரூ முனையைப் பார்க்கும் டயலின் பேஸ் 'நீ'யில் இருக்க வேண்டும். டேபிளில் வைத்துவிட்டு "பேரிங்கில்தான் எல்லா ஆட்டமும்" என்று ஏமாறாதீர்கள்.

நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள வித்தியாசம்

ஸ்க்ரூவை வைப்பதா எடுப்பதா என்பதை ஆட்டத்தின் அளவு மட்டும் தீர்மானிக்காது. அது எவ்வளவு சீராக இருக்கிறது என்பதே முக்கியம். வைஸ் எப்போதும் டேபிளின் நடுவில்தான் இருந்திருக்கும். அதனால் ஸ்க்ரூவின் நடுப்பகுதி இருபது வருடம் உழைத்திருக்கும், ஓரங்கள் புத்தம்புதிதாக இருக்கும்.

எக்ஸ் முழு நீளத்தில் ஐந்து இடம், ஒய்யில் மூன்று இடம் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரே திசையில் வந்து டயலை ஜீரோ செய்து, ஹேண்டிலை எதிர்த்திசையில் திருப்பி, டயல் முள் அசையத் தொடங்கும்போது காலரில் எவ்வளவு போயிருக்கிறது என்று எழுதுங்கள். பேரிங், பிராக்கெட், ஜிப் மூன்றையும் சரிசெய்த பிறகு இதைச் செய்தால்தான் பலன்.

நம் அளவுகோல் இது. நடு 0.15, ஓரம் 0.12 என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். நட்டை இறுக்கினாலோ புதிதாகப் போட்டாலோ எல்லா இடத்திலும் ஒரே மாதிரி குறையும். நடு 0.30, ஓரம் 0.08 என்றால் சிக்கல். நடுவுக்கு ஏற்ப நட்டை இறுக்கினால் ஓரத்தில் மெஷின் இறுகி நின்றுவிடும். கையால் ஓட்டும்போது அந்த இறுக்கம் கைக்குத் தெரியும். ஸ்டெப்பர் மோட்டாருக்குத் தெரியாது, ஸ்டெப்பை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். வித்தியாசம் 0.05-க்குள் இருந்தால் தைரியமாக இறங்கலாம். 0.10 தாண்டினால் அந்த அச்சுக்கு மட்டும் வேறு ஸ்க்ரூ பாருங்கள். பெரும்பாலும் அது எக்ஸ் அச்சாகத்தான் இருக்கும், ஒய்யை அப்படியே விடலாம்.

காசில்லாமல் ஒரு வழி: வைஸை நடுவிலிருந்து 150 மி.மீ. தள்ளி வைத்துவிடுங்கள். தேயாத மரை கிடைக்கும். மெஷின் கொஞ்சம் கோணலாகத் தெரியும், அவ்வளவுதான்.

'நீ'யின் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள்

'நீ'யை மேலே கீழே ஓட்டும் ஸ்க்ரூவில் ஆட்டம் இருந்தாலும் பெரிய கவலையில்லை. டேபிள், சாடில், வைஸ் எல்லாவற்றின் எடையும் மரையின் ஒரே பக்கத்தில் எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கிறது. ஏறினாலும் இறங்கினாலும் நட் அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். இன்னொரு லாபமும் உண்டு: இந்த மரை தானாகப் பூட்டிக்கொள்ளும், கரண்ட் போனாலும் 'நீ' இறங்காது. இங்கே பால் ஸ்க்ரூ போட்டால் பவர் போன நொடியில் அத்தனை எடையும் சரியத் தொடங்கும், பிரேக் வைத்த மோட்டார் கட்டாயம்.

டரெட் மில்லின் குவில்லுக்கு (கட்டரோடு மேலே கீழே போகும் குழல்) லீட் ஸ்க்ரூவே கிடையாது. ரேக்கும் பினியனும்தான். துளை போடும் வேலைக்கு 'நீ'யை ஓட்டினால் மெதுவாக இருக்கும், அதனால் குவில்லுக்கு மட்டும் 16 மி.மீ. குட்டி பால் ஸ்க்ரூ ஒன்றை வெளியே பிராக்கெட் வைத்து மாட்டிவிடுங்கள். மூன்று அச்சில் பால் ஸ்க்ரூ கட்டாயம் வேண்டிய இடம் என்றால் இதுதான்.

பேரிங்கை மாற்றுவது

பழைய மெஷினில் ஸ்க்ரூவைத் தாங்குவது பெரும்பாலும் த்ரஸ்ட் வாஷரோ சாதாரண பால் பேரிங்கோதான். கையால் ஓட்ட அது போதும். சிஎன்சிக்கு ஆங்குலர் கான்டாக்ட் பேரிங் ஜோடி வேண்டும். 20 மி.மீ. ஜர்னல் என்றால் 7204-பி இரண்டு, முதுகோடு முதுகு சேர்த்து. அளவு 20-47-14. ஜோடியாகவே அரைத்துத் தரும் வகையை வாங்குங்கள். கடைக்காரர் இரண்டு தனிப் பெட்டியைக் கொடுத்து "ஒண்ணுதான் சார்" என்பார். ஒன்றல்ல. தனித்தனிப் பேரிங்கை முதுகோடு முதுகு வைத்து இறுக்கினால், ஒன்று ஆட்டமாக நிற்கும், இல்லையென்றால் ஒரே வாரத்தில் சூடாகி இரையும்.

உள் ரேஸை 20 மி.மீ., 1 மி.மீ. பிட்ச் லாக் நட்டால் இறுக்கி, டேப் வாஷரை மடித்துவிடுங்கள். ஸ்க்ரூவைக் கையால் சுழற்றினால் ஒரே மாதிரிக் கனமாக இருக்க வேண்டும், கொரகொரப்பு கூடாது. மறுபடி ஸ்டீல் பால், டயல், தள்ளல். ஸ்க்ரூ முனையில் முள் அசையவே கூடாது.

அச்சுத்திசைச் சுமையை ஒரு முனை மட்டும் பிடிக்கட்டும். மறு முனை வெறும் தாங்கலாக, நீளவாட்டில் நகர இடம் விட்டு இருக்கட்டும். இரண்டு முனையையும் இறுக்கினால், ஒரு மீட்டர் ஸ்க்ரூ 10 டிகிரி சூடானாலே 0.11 மி.மீ. நீண்டு, போக இடமின்றி வளையும். காலையில் சரியாக ஓடி மத்தியானம் இறுகும் மெஷின்களில் பாதிக்கு இதுதான் காரணம்.

நட்: இறுக்குவதா, புதிதாகச் செய்வதா, இரட்டையாகப் போடுவதா

பல டரெட் மில்களில் நட்டின் நடுவில் ஒரு வெட்டு இருக்கும், அதை நெருக்கும் ஸ்க்ரூக்களும் இருக்கும். டேபிளை ஓரத்துக்குக் கொண்டுபோய், தேய்மானமே இல்லாத இடத்தில் 0.03 ஆட்டம் மிஞ்சும்வரை மட்டும் இறுக்குங்கள். ஜீரோவுக்குப் போகாதீர்கள், எண்ணெய்ப் படலத்துக்கு இடம் வேண்டும். பிறகு நடுவில் அளந்தால் கிடைப்பதுதான் உங்கள் மெஷினின் நிரந்தர ஆட்டம். கன்ட்ரோலருக்குச் சொல்ல வேண்டிய எண் அது.

நட் பல் கத்திபோல் மெலிந்திருந்தால் புதிது செய்யுங்கள். பாஸ்பர் பிரான்ஸ் நல்லது, கன்மெட்டலும் ஓடும். டர்னரிடம் கொடுக்கும்முன் மரையை நீங்களே அளந்துகொள்ளுங்கள். 20 மரைக்கு 100 மி.மீ. என்றால் 5 மி.மீ. பிட்ச், மரைக் கோணம் 30 டிகிரி. 101.6 என்றால் அது இஞ்சுக்கு 5 மரை கொண்ட ஆக்மி, கோணம் 29 டிகிரி. இரண்டு மூன்று மரையை மட்டும் வெர்னியரில் பார்த்தால் 5-க்கும் 5.08-க்கும் வித்தியாசம் கண்ணுக்குப் படாது. நீளமான நட் செய்து மாட்டும்போதுதான் கடித்துக்கொள்ளும்.

இன்னொன்று, ஒய் ஸ்க்ரூ பெரும்பாலும் இடது மரை. ஹேண்டிலை வலப்பக்கம் சுற்றினால் டேபிள் நம்மை விட்டு விலகிப் போக வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். டர்னரிடம் வாயால் சொல்லாமல் ஸ்க்ரூவையே கையில் கொடுத்தனுப்புங்கள். நட் அதன்மேல் ஓடிப் பார்த்த பிறகுதான் திரும்பி வர வேண்டும்.

இரட்டை நட்டு பற்றி ஆளுக்கொரு கருத்து. ஒரே பிராக்கெட்டில் இரண்டு நட், நடுவே ஷிம் (மெல்லிய தகடு), இரண்டும் எதிரெதிர் பக்கத்தில் மரையை அணைத்துப் பிடிக்கும். ஸ்க்ரூ சீராகத் தேய்ந்திருந்தால் இதுவே சிறந்தது. சீரில்லாமல் தேய்ந்திருந்தால் ஷிம்மின் இடத்தில் டிஸ்க் ஸ்பிரிங் போட்டு, தேய்மானத்தைத் தொடர்ந்து போக விடலாம். ஆனால் ஸ்பிரிங்கின் விசையைவிட கட்டரின் இழுவை அதிகமானால் அந்த நொடியில் ஆட்டம் திரும்ப வந்துவிடும். 600 நியூட்டன் ஸ்பிரிங் அலுமினியத்தில் லேசான வெட்டுக்குப் போதும், ஸ்டீலில் 16 மி.மீ. எண்ட்மில்லுக்குப் போதாது. விசையைக் கூட்டினால் உராய்வு கூடும். 28 மி.மீ. ஸ்க்ரூவில் 600 நியூட்டன் அழுத்தமே ஏறத்தாழ 2 நியூட்டன் மீட்டர் திருப்புவிசையைத் தின்னும்.

டெல்ரினை ஸ்க்ரூமேல் சூடாக்கி அழுத்தி நட் வார்க்கும் முறையை ரூட்டர் செய்பவர்கள் விரும்புகிறார்கள். ஆட்டமே இருக்காது என்பது உண்மை. மில்லின் எக்ஸ், ஒய்க்கு வேண்டாம். பிரான்ஸோடு ஒப்பிட்டால் டெல்ரின் ரப்பர் மாதிரி. வெட்டும்போது நசுங்கி, வெட்டு நின்றதும் நிமிரும், டயலில் எதுவும் தெரியாது. அதிகம் சூடானால் ஃபார்மால்டிஹைடு வாயுவையும் விடும், மூடிய ஷெட்டில் செய்யவே கூடாது.

மோட்டார் கணக்கு

ட்ரெப்பசாய்டல் ஸ்க்ரூ கொடுக்கும் சக்தியில் 30 சதவீத அளவையே டேபிளுக்குக் கொண்டுசேர்க்கும், பால் ஸ்க்ரூ 90. பால் ஸ்க்ரூ வீடியோவைப் பார்த்து மோட்டார் வாங்கினால் திணறுவது இதனால்தான்.

ஹேண்டிலில் சென்டரிலிருந்து 100 மி.மீ. தள்ளி ஸ்பிரிங் தராசை மாட்டி, டேபிள் மெதுவாக நகரும்வரை இழுங்கள். 1.5 கிலோ காட்டினால் உராய்வு மட்டும் 1.5 நியூட்டன் மீட்டர். வெட்டும் விசை 1000 நியூட்டன், பிட்ச் 5 மி.மீ. என்றால் அதற்கு 2.65. கூட்டினால் 4.1, பாதுகாப்புக்கு இரட்டிப்பாக்கி ஸ்க்ரூவில் 8 நியூட்டன் மீட்டர் வேண்டும். 24-க்கு 48 பல் எச்டிடி 5எம் பெல்ட், 15 மி.மீ. அகலம் போட்டால் மோட்டார் 4 கொடுத்தால் போதும். நேமா 34, 8.5 நியூட்டன் மீட்டர் குளோஸ்டு லூப் ஸ்டெப்பர் 600 சுற்றில் அதை ஒட்டித்தான் கொடுக்கும். 750 வாட் ஏசி சர்வோ 2.4 கொடுக்கும், 1-க்கு 3 பெல்ட்டில் 7.2 ஆகும், வேகத்திலும் குறையாது. கையில் காசிருந்தால் சர்வோதான்.

600 சுற்று மோட்டார், 300 சுற்று ஸ்க்ரூ, 5 மி.மீ. பிட்ச். ரேப்பிட் (வெட்டாமல் நகரும் வேகம்) நிமிடத்துக்கு 1500 மி.மீ. அதற்குமேல் போகாதீர்கள். பிரான்ஸ் நட் உரசி ஓடுவது, உருண்டு ஓடுவதல்ல. வேகம் கூடினால் சூடும் தேய்மானமும் சேர்ந்து கூடும். டிரைவரில் சுற்றுக்கு 2000 பல்ஸ் வைத்தால் ஒரு மில்லிக்கு 800 பல்ஸ், ரேப்பிட்டில் நொடிக்கு 20 ஆயிரம். எந்த போர்டும் இதைச் சமாளிக்கும்.

மோட்டார், த்ரஸ்ட் பேரிங் இருக்கும் முனையில் வரட்டும். புல்லியைப் பழைய ஹேண்டிலின் சாவி வழியிலேயே உட்கார வையுங்கள், ஸ்க்ரூவை வெட்ட வேண்டாம். வெறும் கிரப் ஸ்க்ரூவை நம்பினால் இரண்டு வாரத்தில் தளரும், அந்தத் தளர்ச்சி அப்படியே பேக்லாஷ் போல வேஷம் போடும். மறு முனையில் ஹேண்டிலை விட்டுவைத்தால் கைப்பிடியை மட்டுமாவது கழற்றுங்கள், 300 சுற்றில் சுழலும் கைப்பிடி மணிக்கட்டை உடைக்கும். எமர்ஜென்சி பட்டன் டிரைவின் பவரையே வெட்ட வேண்டும். குளோஸ்டு லூப் டிரைவரின் அலாரத்தையும் அதே வரிசையில் இணையுங்கள், வோல்டேஜ் சரிந்து ஸ்டெப் விட்டால் மெஷின் நிற்கட்டும். எஸ்.பி. ரோட்டில் பவர் சப்ளை, ரிலே, வயர் எல்லாம் அரை நாளில் கிடைத்துவிடும். ஷீல்டு கேபிளை மட்டும் மலிவாகப் பார்க்காதீர்கள்.

எண்ணெய்

கையால் ஓட்டிய காலத்தில் ஒரு நாளைக்குப் போன தூரத்தை சிஎன்சி ஒரு மணி நேரத்தில் போய்விடும். நட்டில் 3 மி.மீ. எண்ணெய்த் துளை போட்டு, ஒன்ஷாட் பம்பிலிருந்து தனிக் குழாய் இழுங்கள். 68 நம்பர் ஸ்லைட்வே ஆயில். கிரீஸ் வேண்டாம், ஸ்வார்ஃபை (உலோகச் சீவலை) பிடித்துவைத்து அரம் மாதிரி மரையை அரைக்கும்.

கன்ட்ரோலருக்கு என்ன சொல்வது

பேக்லாஷ் காம்பன்சேஷன், திசை மாறும்போது ஸ்க்ரூவை அந்த ஆட்டத்தின் அளவு கூடுதலாகச் சுழற்றும். அதற்குமேல் எதுவும் செய்யாது. டேபிளை அது பிடித்துவைக்காது. ஸ்க்ரூ அந்த இடைவெளியைக் கடக்கும்வரை டேபிளை நிறுத்திவைப்பது ஜிப்பின் உராய்வுதான். அதனால் பால் ஸ்க்ரூ மெஷினைவிட இங்கே ஜிப் ஒரு நூல் இறுக்கமாக இருக்கட்டும்.

கன்ட்ரோலர் மென்பொருள்களில், லினக்ஸ்சிஎன்சியில் ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் (அச்சுக்கும்) பேக்லாஷ் வரி உண்டு. அதைப் போட்டால் ஸ்டெப்ஜென்னின் (பல்ஸ் உண்டாக்கும் பகுதி) உச்ச வேகமும் முடுக்கமும் அச்சின் உச்சத்தைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்க வேண்டும், இல்லையென்றால் ஃபாலோயிங் எரர் (சொன்ன இடத்தை எட்டவில்லை என்ற பிழை) வந்து நிற்கும். நடுவில் ஒரு அளவு, ஓரத்தில் ஒரு அளவு என்றால் காம்ப் ஃபைல் எழுதுங்கள்: 25 மி.மீ.க்கு ஒரு வரி, ஒவ்வொன்றிலும் சொன்ன இடம், போகும்போது வந்த இடம், திரும்பும்போது வந்த இடம். இந்த ஃபைலைக் கொடுத்தால் பேக்லாஷ் வரி கணக்கில் வராது. மாக்3-இல் அச்சுக்கு ஒரே எண்தான். ஜிஆர்பிஎல்லில் இந்த வசதியே இல்லை, இந்த வேலைக்கு அதை எடுக்காதீர்கள்.

அளந்ததில் 80 சதவீதத்தைப் போட்டு ஆரம்பியுங்கள். குறைவாகப் போட்டால் சின்னச் சமதளம் விழும். அதிகமாகப் போட்டால் கட்டர் உள்ளே குத்தித் தழும்பு விழும், அதைத் தேய்த்து எடுக்க முடியாது.

கிளாஸ் ஸ்கேலை (டேபிளின் இடத்தை நேராக அளக்கும் கண்ணாடி அளவுகோல்) ஃபீட்பேக்காகச் சர்வோவுக்குக் கொடுத்தால் ஆட்டமே தெரியாது என்று ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. ஸ்க்ரூ இடைவெளிக்குள் இருக்கும்போது மோட்டார் சுழன்றும் ஸ்கேல் அசையாது. கன்ட்ரோலர் இன்னும் சுழற்றும், டேபிள் தாவும், திரும்ப இழுக்கும். மெஷின் ஒரே இடத்தில் நின்று நடுங்கும். ஸ்கேலைத் தனி டிஆர்ஓவாக (இடத்தை எண்ணில் காட்டும் டிஸ்ப்ளே) வைத்து, கண்ணால் சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

புரோகிராம் எழுதும்போது

கிளைம்ப் மில்லிங் வேண்டவே வேண்டாம். கட்டர் சுழலும் திசையும் ஃபீடும் ஒன்றானால், கட்டர் டேபிளைத் தன்பக்கம் இழுக்கும். 0.15 ஆட்டம் இருந்தால் டேபிள் அந்த 0.15-ஐ ஒரே தாவலில் கடக்கும். பல்லுக்கு 0.05 என்று கொடுத்த ஃபீட் அந்தப் பல்லுக்கு மட்டும் 0.20 ஆகும், எண்ட்மில் உடையும். கட்டர் போகும் பாதையை எழுதித் தரும் கேம் மென்பொருள் பெரும்பாலும் கிளைம்ப்பையே தானாக எடுத்துக்கொள்ளும். அடாப்டிவ் ரஃபிங்கில் 'இரு திசையும்' என்பதை அணைத்து, திசையைக் கன்வென்ஷனல் (கிளைம்ப்புக்கு எதிர்) என்று ஒவ்வொரு டூல்பாத்திலும் மாற்றுங்கள்.

துளை வரிசைக்கு ஒவ்வொரு துளைக்கும் ஒரே பக்கத்திலிருந்து வாருங்கள். துளை எக்ஸ் 40, ஒய் 25 என்றால் முதலில் 39, 24-க்குப் போய், பிறகு 40, 25. ஒரு துளைக்கு ஒரு வரி கூடும், பேக்லாஷ் துளை இடைவெளியில் வரவே வராது. ஹோமிங் சுவிட்சையும் இதே திசையில் பிடியுங்கள்.

வட்டக் குழிக்கு, வட்டத்தை 0.3 குறைவாக மில் செய்துவிட்டு, சென்டரில் நின்று போரிங் ஹெட்டில் முடியுங்கள். அப்போது எக்ஸ், ஒய் இரண்டும் அசைவதில்லை, ஸ்க்ரூ எப்படியிருந்தாலும் குழி உருண்டையாக வரும்.

80 மி.மீ. வட்டம் சொல்லும் கதை

எல்லாம் மாட்டியபின் அலுமினியத் துண்டில் 80 மி.மீ. வெளிவட்டம் ஒன்றை, காம்பன்சேஷனை அணைத்து, கன்வென்ஷனலில், 0.2 மி.மீ. ஃபினிஷ் வெட்டில் வெட்டுங்கள். மைக்ரோமீட்டரால் நான்கு திசையில் அளங்கள்: எக்ஸ், ஒய், 45, 135.

எக்ஸ் 79.90, 45-இல் 80.00 என்றால் எக்ஸின் ஆட்டம் 0.10. வித்தியாசம் அப்படியே ஆட்டத்தின் அளவு, ஏனெனில் இரண்டு அச்சின் ஆட்டமும் சமமாக இருந்தால் 45 டிகிரியில் பிழை வட்டத்தை ஒட்டியே நழுவும், விட்டத்தைத் தொடாது. அச்சு திரும்பும் நான்கு இடத்திலும் சின்னச் சமதளம் தெரியும். 0.10-க்கு அது உச்சியிலிருந்து ஏறத்தாழ 2.8 மி.மீ. ஓடும், விரல் நகத்தால் தடவினாலே தெரியும். சமதளம் ஒரு பக்கம் மட்டும் என்றால் ஆட்டம் அந்த இடத்து மரையில். இரண்டு அச்சின் ஆட்டமும் சமமாக இருந்தும் 45-உம் 135-உம் ஒத்துப்போகவில்லை என்றால் எக்ஸும் ஒய்யும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இல்லை, ஸ்க்ரூவைத் திட்டிப் பயனில்லை, சாடிலின் ஜிப்பைப் பாருங்கள். காம்பன்சேஷனைப் போட்டு மறுபடி வெட்டும்போது நான்கு அளவும் 0.03-க்குள் வர வேண்டும்.

ஸ்டெப் இழப்பைத் தனியாகப் பாருங்கள். டயலை ஜீரோவில் வைத்து, காற்றில் 300-க்கு 150 செவ்வகத்தை ரேப்பிட்டில் அரை மணி நேரம் ஓட்டி, அதே பக்கத்திலிருந்து ஜீரோவுக்கு வாருங்கள். 0.02-க்குள் இருந்தால் சரி. ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போனால் பெல்ட்டோ புல்லியோ. தாறுமாறாக இருந்தால் முடுக்கத்தைப் பாதியாக்குங்கள். லீட் பிழையை முழு நீளத்துக்கு ஸ்லிப் கேஜ் (துல்லியமான அளவுக்கட்டை) வைத்து அளக்க விரும்பினால், தும்கூர் ரோட்டு சிஎம்டிஐ என்ற மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனத்தில் கேஜை கேலிபரேட் செய்து வாங்கலாம். 0.1 வேலைக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே ஐந்து இடத்தில் ஆட்டத்தை அளந்து, தேதியோடு பேனல் கதவின் உட்புறம் மார்க்கரில் எழுதிவையுங்கள். நடுவில் 0.25 தாண்டும் நாளில் அந்த அச்சுக்குப் பால் ஸ்க்ரூ ஆர்டர் கொடுங்கள். அதற்காகவே, இப்போது மோட்டார் பிராக்கெட் வெட்டும்போது பிளேட்டை 20 மி.மீ. கனத்தில் எடுத்து, பேரிங் ஹவுசிங்குக்கு 52 மி.மீ. வட்டம் கொள்ளும் இடத்தைத் துளை போடாமல் காலியாக விட்டுவையுங்கள். அன்றைக்குப் பிராக்கெட்டைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்காது.